ஒரே ஒரு பயணம்தான் முடியும் என்றால்: கோவாவா, கொச்சியா, டெல்லியா?

அக்கா மகள் திருச்சியில் ஆர்க்கிடெக்சர் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். போன வாரம் போன் செய்தாள். "மாமா, சேத்து வெச்ச காசு 15,000 இருக்கு. இந்த சீசன்ல ஆர்ட் கண்காட்சி பாக்க ஒரு இடத்துக்குத்தான் போக முடியும். கோவாவா, கொச்சியா, டெல்லியா? எங்க வேணா சொல்லுங்க, ஆனா பொங்கலுக்கு வீட்ல இல்லேன்னா அம்மா கொன்னுடுவா."

போனில் பாதி சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். நான் வரைகிறவன் இல்லை, விற்கிறவனும் இல்லை, வாங்க வசதியும் கிடையாது. பல வருஷமாக லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்க்கிறவன். என் தகுதி அவ்வளவுதான்.

முதலில் காலண்டரைப் பார்த்துவிடலாம். கோவாவின் செரண்டிபிட்டி ஆர்ட்ஸ் ஃபெஸ்டிவல் 2025 டிசம்பர் 12 முதல் 21 வரை, பணஜியில். கொச்சி-முசிரிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சி அதே டிசம்பர் 12-ல் தொடங்குகிறது, ஆனால் 2026 மார்ச் 31 வரை போகிறது. மொத்தம் 110 நாள். டெல்லியின் இந்தியா ஆர்ட் ஃபேர் பிப்ரவரி 5 முதல் 8 வரை, நாலே நாள். நடுவில் பெங்களூரில் சித்ர சந்தே என்ற ஓவியச் சந்தை, மும்பையில் காலா கோடா விழா. கோவா விழாவும் டெல்லி ஃபேரும் வருஷா வருஷம் வரும். கொச்சி அப்படி இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் வரும், அதுவும் தள்ளிப்போனது உண்டு. 2018-க்கு அடுத்ததற்கு 2022 வரை காத்திருந்தோம்.

இந்த ஒரு காரணத்துக்காகவே கொச்சி என்று சொல்லிவிடலாம். ஆனால் அது சோம்பேறித்தனமான பதில்.

டெல்லியிலிருந்து தொடங்குகிறேன். அதைக் கழித்துவிடுவதுதான் சுலபம் என்று நினைத்திருந்தேன். எழுத உட்கார்ந்தால் அப்படி இல்லை.

இந்தியா ஆர்ட் ஃபேர் 2008-ல் இந்தியா ஆர்ட் சம்மிட் என்ற பெயரில் பிரகதி மைதானில் தொடங்கியது. இப்போது ஓக்லாவில் என்எஸ்ஐசி மைதானத்தில் பெரிய கூடாரங்கள் போட்டு நடத்துகிறார்கள். அது ஒரு சந்தை. இதை இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. கேலரிகள் இடத்தை வாடகைக்கு எடுத்து, தங்களிடம் இருப்பதில் சிறந்ததைக் கொண்டுவந்து மாட்டுகின்றன. ஒரு ஸ்டாலில் பெரிய ஓவியர்களான ஹுசைனும் ரஸாவும் தொங்குவார்கள், பக்கத்து ஸ்டாலில் நேற்றுதான் கல்லூரி முடித்த ஒருவருடைய வேலை இருக்கும். பெரும்பாலும் விலை எழுதியிருக்காது, கேட்க வேண்டும். கேட்டால் மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொல்வார்கள். விற்றுப்போனதன் பக்கத்தில் சில ஸ்டால்களில் சின்னதாகச் சிவப்புப் பொட்டு ஒட்டியிருக்கும். படத்தைவிட அந்தப் பொட்டை அதிக நேரம் பார்த்துக்கொண்டு நிற்கும் ஆட்களும் உண்டு.

ஒரே நாளில் இவ்வளவு இந்திய ஓவியத்தை வேறு எங்கும் பார்க்க முடியாது, உண்மை. பிரச்சினை அந்த ஒரே நாள்தான். ஜவுளிக்கடையில் முப்பதாவது புடவையை விரிக்கும்போது முதல் புடவை என்ன நிறம் என்பது மறந்துபோகுமே, அந்த நிலைமை மத்தியானம் மூன்று மணிக்குள் வந்துவிடும். டிக்கெட்டும் கொச்சியோடு ஒப்பிட்டால் பல மடங்கு. தொடக்க நேரம் அழைப்பிதழ் வைத்திருப்பவர்களுக்குத்தான். எங்களைப் போன்றவர்கள் போகிற சனி, ஞாயிறில் நெரிசலோ நெரிசல்.

ஆனாலும் டெல்லியைச் சுலபமாகக் கழிக்க முடியாததற்குக் காரணம் ஃபேர் இல்லை, லோதி காலனி.

லோதி காலனி 1940-களில் வெள்ளைக்காரர்கள் அரசு ஊழியர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு. கான்னா மார்க்கெட்டுக்கும் மெஹர்சந்த் மார்க்கெட்டுக்கும் நடுவில், தெருவைப் பார்த்த உயரமான சுவர்களும் வளைவு வாசல்களுமாக இருக்கும். ஸ்டார்ட் இந்தியா என்ற அமைப்பு அந்தச் சுவர்களை உள்ளூர், வெளிநாட்டு ஓவியர்களிடம் கொடுத்தது. இன்று 50-க்கும் மேற்பட்ட சுவர்கள். கட்டடம் படிக்கிறவளுக்கு இதில் ஒரு தனி ருசி இருக்கிறது. எல்லாருக்கும் கிடைத்தது ஏறக்குறைய ஒரே வடிவச் சுவர், நடுவில் அந்த வளைவு. ஒருவர் வளைவைக் கண்டுகொள்ளாமல் மேலே வரைந்துவிட்டுப் போயிருப்பார். இன்னொருவருக்கு அந்த வளைவே படத்தின் வாயாக ஆகியிருக்கும். டாக்கு என்ற புனைபெயரில் இயங்கும் கலைஞர் எதையும் வரையவே இல்லை. சுவரிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும் எழுத்துகளை மட்டும் பொருத்தினார். வெயில் மேலே ஏறும்போது அவற்றின் நிழல் சுவரில் விழுந்து வார்த்தைகளாகும், சூரியன் நகர நகரச் சாயும், பிறகு காணாமல் போகும். காலம் எல்லாவற்றையும் மாற்றும் என்பதுதான் அந்தச் சுவர் சொல்வது. மேகம் இருந்தால் அதுவும் இல்லை.

டிக்கெட் இல்லை, நேரக் கட்டுப்பாடு இல்லை, திங்கள்கிழமை விடுமுறை இல்லை. முக்கியமாக, பிப்ரவரி 5-ம் தேதிதான் வர வேண்டும் என்பதும் இல்லை. அதனால்தான் அவளிடம் சொன்னேன்: "டெல்லிக்கு எப்படியும் காலேஜ்ல கூட்டிட்டுப் போவாங்க. அப்ப அரை நாள் லோதி காலனிக்கு ஒதுக்கு. ஜெய்ப்பூர் ஹவுஸ்ல இருக்கிற நவீனக் கலைக்கூடமும் வருஷம் பூரா அங்கதான் இருக்கு. ஃபேருக்குன்னு ரெண்டு ராத்திரி ரயில்ல உக்காந்து போக வேண்டாம்." வாங்குகிற எண்ணம் இருந்தால், அல்லது கேலரியில் வேலை தேடுவதாக இருந்தால் கதை வேறு. ஃபேரைப் போல எல்லா கேலரிக்காரர்களும் ஒரே கூரையின் கீழ் கையில் அகப்படும் இடம் வேறு இல்லை.

கோவா வேறு ரகம். அது திருவிழா. 2016-லிருந்து நடக்கிறது, தொழிலதிபர் சுனில் காந்த் முஞ்சால் தொடங்கியது. ஓவியம், சிற்பம் மட்டும் இல்லை. நாடகம், நடனம், இசை, கைவினை, சமையல் எல்லாம் உண்டு, ஒவ்வொன்றுக்கும், எதை வைப்பது என்று தேர்ந்தெடுக்கத் தனித்தனி க்யூரேட்டர். நுழைவு இலவசம், பெயர் பதிவு செய்தால் போதும். போர்த்துகீசியர் காலத்துப் பழைய மருத்துவக் கல்லூரிக் கட்டடம், முன்பு தலைமைச் செயலகமாக இருந்த ஆதில் ஷா அரண்மனை, கட்டடக் கலைஞர் சார்லஸ் கோரியா வடிவமைத்த கலா அகாடமி என்று மாண்டோவி ஆற்றை ஒட்டியே பல இடங்கள். ஆற்றோரமாக நடந்தபடியே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடலாம். சாயங்காலம் எங்காவது ஒரு மைதானத்தில் கச்சேரி இருக்கும்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு, அல்லது "எனக்குப் படமெல்லாம் புரியாது" என்று சொல்லும் கணவரையோ மனைவியையோ இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு யோசிக்காமல் கோவாதான். ஒன்று பிடிக்காவிட்டால் இன்னொன்று கிடைக்கும். தனியாக, கண்ணுக்கு வேலை கொடுக்கப் போகிறவர்களுக்கு இதே பலம் எதிரியாகிவிடும். ஒரு அறையில் நின்றுகொண்டிருக்கும்போதே, பக்கத்தில் ஆறு மணிக்கு நாடகம் தொடங்குகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். நான் போன தடவை இரண்டு நாள் முழுக்க நடந்தேன். திரும்பி வந்து யோசித்தால் எதையும் பத்து நிமிஷத்துக்கு மேல் பார்த்த நினைவில்லை, சாப்பிட்டதைத் தவிர.

அப்புறம் டிசம்பர் கோவாவின் வாடகை. கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க ஏறிக்கொண்டே போகும். ஒரு லாட்ஜில் முன்பதிவு செய்த விலை ஒன்று, சாவி கொடுக்கும்போது சொன்ன விலை வேறு. பெயர் வேண்டாம், ராத்திரி பதினோரு மணிக்கு யார் சண்டை போடுவது என்று கொடுத்துவிட்டு வந்தேன். 15,000 வைத்திருக்கும் மாணவிக்கு இது சின்ன விஷயம் இல்லை. திருச்சியிலிருந்து பெங்களூரு வழியாகப் போய்ச் சேரவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். அவளுக்கு டிசம்பர் நடுவில் செமஸ்டர் பரீட்சை வேறு. ஆகவே இந்த வருஷம் கோவா அடிபட்டது. பரீட்சை இல்லாத வருஷத்தில் தோழிகளோடு போகட்டும்.

இனி கொச்சி.

முசிரிஸ் என்ற பெயரைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிப் போனதாகச் சங்கப் பாட்டு சொல்லும் முசிறிதான் அது. 1341-ல் பெரியாறு பெருக்கெடுத்து அந்தத் துறைமுகம் அழிந்தது, கொச்சி முகத்துவாரம் திறந்தது என்று சொல்வார்கள். போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற இரண்டு ஓவியர்கள் 2012-ல், 12-12-12 அன்று, இந்தியாவின் முதல் பினாலேயைத் தொடங்கியபோது அந்தப் பழைய பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். அலங்காரத்துக்காக மட்டும் இல்லை. முதல் பதிப்பிலேயே கலைஞர் விவான் சுந்தரம், முசிறி இருந்த இடமாகக் கருதப்படும் பட்டணம் என்ற ஊரின் அகழாய்வில் கிடைத்த உடைந்த பானை ஓடுகளைத் தரையில் பரப்பி ஒரு நகரத்தையே அமைத்தார், மிளகையும் சேர்த்து.

நான் சொல்ல வந்தது இதுதான். டெல்லி ஃபேரில் இருப்பது பெட்டியில் கட்டி எடுத்துவந்து மாட்டியது. அதே படத்தை மும்பையிலோ துபாயிலோ மாட்டினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. கொச்சியில் பல வேலைகள் அந்த இடத்தைப் பார்த்த பிறகு அந்த இடத்துக்கென்றே செய்தவை. ஃபோர்ட் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் மிளகு, ஏலக்காய், கயிறு அடுக்கியிருந்த கிடங்குகள், டச்சுக்காரர் காலத்து டேவிட் ஹால், 1867-ல் தொடங்கிய வணிக நிறுவனத்தின் ஆஸ்பின்வால் ஹவுஸ். முந்தைய பதிப்புகளில் இதுதான் மையம். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், உத்தரம், ஓட்டு இடுக்கில் விழும் வெயில் எல்லாம் வேலையின் பகுதியாகிவிடும். ஏசி அறையின் வெள்ளைச் சுவர் இங்கே அபூர்வம்.

2014-ல் சிற்பி அனீஷ் கபூரின் 'டிசென்ஷன்' ஆஸ்பின்வாலில் இருந்தது. ஒரு அறை, தரையில் பெரிய வட்டக் குழி, அதற்குள் கறுத்த தண்ணீர் இடைவிடாமல் சுழன்று உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். காலடியில் ஒரு அதிர்வு. எட்டிப் பார்த்தால் அடிவயிறு கலங்கும். அந்த வேலை பிறகு பிரான்ஸில் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்துக்கும் நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்தருகே உள்ள பூங்காவுக்கும் போனது. அப்படியானால் அதுவும் பெட்டியில் போகும் சரக்குதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கொச்சியில் அந்தச் சுழலுக்குச் சில அடி தள்ளி உண்மையான கடல் கிடந்தது, கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. எந்தத் தண்ணீரை நம்பி இந்த ஊர் பிழைத்ததோ அது தரைக்குள் புகுந்து சுற்றுவதுபோல் இருந்தது. வெர்சாய் படத்தைப் பார்த்தேன், அங்கே அது எனக்கு அழகான நீரூற்றாகத்தான் தெரிந்தது.

அடுத்த பதிப்பில், 2016-ல், சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சூரிட்டா நீளமான ஒரு கிடங்கில் தரை மறையும்படி கடல் தண்ணீர் நிரப்பினார். செருப்பைக் கழற்றி, பேண்டை மடித்து, தண்ணீரில் நடந்தபடி சுவர்களில் உள்ள கேள்விகளைப் படித்துக்கொண்டே போக வேண்டும். அது காலிப் குர்தி என்ற சிறுவனுக்குச் சமர்ப்பணம். 2015-ல் துருக்கிக் கடற்கரையில் உயிரற்று ஒதுங்கிய சிரிய அகதிக் குட்டிப் பையன் ஆலன் குர்தியின் படத்தை உலகமே பார்த்தது. கூடவே மூழ்கிய அவன் அண்ணன் காலிப்பை யாருக்கும் நினைவில்லை. எனக்கு முன்னால் ஒரு மலையாளத்து அம்மா, முண்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார். கடைசிச் சுவரைப் படித்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். பின்னால் நாங்கள் பத்துப் பேர் தண்ணீரில் வரிசையாக நின்றோம். யாரும் அவரை நகரச் சொல்லவில்லை.

இந்த மாதிரி ஒன்று ஒரு பதிப்புக்கு இரண்டோ மூன்றோதான் கிடைக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். மீதி? சில நன்றாக இருக்கும், சில விளங்காது. சிலவற்றில் சுவரில் ஒட்டிய விளக்கக் குறிப்பு வேலையைவிடப் பெரிதாக இருக்கும். வீடியோக்கள் ஏராளம், எல்லாவற்றையும் முழுக்கப் பார்க்க வேண்டுமென்றால் அங்கேயே வீடு எடுக்க வேண்டும். மீடியேட்டர் என்று இளைஞர்கள் இருப்பார்கள், கேட்டால் விளக்குவார்கள். முதலில் நீயே பத்து நிமிஷம் பார், அப்புறம் கேள்.

நிர்வாகம் எப்போதும் சீராக இருந்ததில்லை. 2022-ல் டிசம்பர் 12 என்று அறிவித்துவிட்டு, முக்கியக் கண்காட்சியை 23-ம் தேதிக்குத் தள்ளினார்கள். ஒழுகும் கட்டடம், தாமதமான சரக்கு என்று பங்கேற்ற கலைஞர்களே வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள். அதனால் என் விதி: முதல் இரண்டு வாரம் போகாதே. ஆணி அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். கடைசி இரண்டு வாரமும் வேண்டாம். ஓடுகிற எந்திரங்கள் களைத்துப் போயிருக்கும், வெயில் கொளுத்தும், கல்லூரிப் பேருந்துகள் வரிசை கட்டும்.

இந்த ஆறாவது பதிப்பை நடத்துபவர் நிகில் சோப்ரா, கோவாவின் எச்எச் ஆர்ட் ஸ்பேஸஸ் குழுவோடு சேர்ந்து. அவரே நிகழ்த்துகலைஞர். மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் பார்வையாளர் முன் வரைந்துகொண்டும் உருமாறிக்கொண்டும் இருப்பவர். ஆகவே மாட்டிவைத்த படத்தைவிட உடம்பால் செய்கிற வேலை கூடுதலாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். வில்லிங்டன் தீவில் ஒரு கிடங்கும் இந்த முறை சேர்ந்திருக்கிறது. அதற்கு ஒரு அரை நாள் தனியாக வேண்டும்.

மற்ற ஊர்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மும்பையின் காலா கோடா விழா 1999-லிருந்து நடக்கிறது. ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை, ஒன்பது நாள், இலவசம். தெருவில் வைக்கும் பெரிய பொம்மைகளின் முன்னால் செல்ஃபி எடுக்கத்தான் முக்கால்வாசிக் கூட்டம். பக்கத்திலேயே ஜஹாங்கீர் ஆர்ட் கேலரி இருப்பதால் மும்பையில் வேறு வேலை இருந்தால் எட்டிப் பார்க்கலாம், அதற்கென்று போக வேண்டாம். (காலா கோடா என்றால் கறுப்புக் குதிரை. பெயருக்குக் காரணமான எட்வர்டு மன்னர் சிலையை 1965-லேயே அங்கிருந்து பைகுல்லா உயிரியல் பூங்காவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 2017-ல் புதிதாக ஒரு குதிரை வைத்தார்கள், இந்த முறை மன்னர் இல்லாமல்.)

பெங்களூரு சித்ர சந்தே மேல் எனக்கு ஒரு சாய்வு உண்டு. கர்நாடக சித்ரகலா பரிஷத் 2003-ல் தொடங்கியது. வழக்கமாக ஜனவரி முதல் ஞாயிறு. குமாரக்ருபா சாலை முழுக்கப் படம் வரைந்தவரே தரையிலும் சுவரிலும் சாய்த்து வைத்து விற்பார். நூறுகளில் ஆரம்பித்து லட்சங்கள் வரை. கேலரிக்காரர் நடுவில் இல்லை, விலையைக் கேட்கக் கூச்சமும் இல்லை. தரம் முன்னே பின்னே இருக்கும். பிள்ளையாரும் புத்தரும் குதிரைக் கூட்டமும் நூற்றுக்கணக்கில் வரும். ஆனால் வரைந்தவரோடு நின்று பேச இதைவிட நல்ல நாள் இல்லை. திருச்சியிலிருந்து ராத்திரி வண்டி ஏறினால் போய் வந்துவிடலாம். பெரிய பயணத்தில் கைவைக்காத செலவு.

"ஏன் மாமா, நம்ம ஊர்ல ஒண்ணும் இல்லையா?" என்றாள். இருக்கிறது. சென்னை ஃபோட்டோ பினாலே 2016-ல் தொடங்கியது, நாலாவது 2025 மார்ச்சில்தான் முடிந்தது. இந்தக் குளிர்காலத்தில் கிடையாது. கண்ணகி நகரில் 2020-லிருந்து சுவரோவியங்கள் இருக்கின்றன. நகரத்திலிருந்து பிடுங்கிக் கொண்டுபோய் ஓரத்தில் குடியேற்றப்பட்டவர்களின் அடுக்குமாடிகள் அவை. படங்கள் நன்றாகவே இருக்கின்றன. லோதி காலனியில் அதிகாரிகள் வீட்டுச் சுவரைப் பார்க்கிற மாதிரி அங்கே போய்ப் பார்த்துவிட்டு வர எனக்கு முடியவில்லை. கேமராவைத் தூக்கிக்கொண்டு இன்னொருவர் வாசலில் நிற்கிறோம் என்ற உணர்வு அங்கே கூடுதலாக உறுத்துகிறது. கட்டடம் படிக்கிறவள் அவசியம் போக வேண்டும், ஆனால் படம் எடுக்க இல்லை. ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966-லிருந்து இருக்கிறது, அதற்கு எந்த ஞாயிறும் போதும்.

ஆக, அவளுக்கு நான் சொன்னது கொச்சி. பிப்ரவரி இரண்டாம் வாரம், செவ்வாய் முதல் வெள்ளி வரை. குடியரசு தினம் இந்த முறை திங்கள்கிழமை வருகிறது. அந்த மூன்று நாள் விடுமுறையில் ஃபோர்ட் கொச்சியில் கால் வைக்க இடம் இருக்காது, அதைத் தவிர்த்துவிட்டேன். திருச்சியில் ராத்திரி காரைக்கால்-எர்ணாகுளம் வண்டி ஏறினால் காலையில் எர்ணாகுளம். அங்கிருந்து ஆட்டோ வேண்டாம், ஜெட்டிக்குப் போய்ப் படகு. அரசுப் படகுக்குச் சில்லறைக் காசு, வாட்டர் மெட்ரோ என்றால் கொஞ்சம் கூட. தங்குவது ஃபோர்ட் கொச்சி ஹோம்ஸ்டே ஒன்றில். மூன்று ராத்திரிக்கு வாடகை, சாப்பாடு, ரயில், டிக்கெட் எல்லாம் சேர்த்து என் கணக்கில் 8,000-க்குள் அடங்கும். முதல் நாள் எதையும் குறித்துவைக்காமல் எல்லா இடத்திலும் ஒரு சுற்று. இரண்டாம் நாள், முதல் நாள் மனசில் நின்ற நாலைந்துக்கு மட்டும் திரும்பப் போக வேண்டும். மூன்றாம் நாள் மாணவர் பினாலே. உன் வயசுப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்காமல் வராதே. அங்கேதான் சில சமயம் பெரியவர்களை அடித்துப் போடுகிற ஒன்று இருக்கும்.

நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் டிக்கெட் படம் அனுப்பியிருந்தாள். ஆர்ஏசி 11. கீழேயே அக்காவிடமிருந்து தனியாக ஒரு வாய்ஸ் மெசேஜ்: "ஏண்டா, நாலு நாள் பழைய குடோனைச் சுத்திப் பாக்கவா பிள்ளையை அனுப்புறே?" ஆமாம் என்று பதில் போட்டிருக்கிறேன். இன்னும் நீலக் குறி விழவில்லை.